டிரைவரை மாற்றினால் ஸ்லைஸ் போய்விடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். உங்களுக்கு வயது 42. சென்னையில் கோல்ஃப் ஆட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கையில் இருப்பது மாமனார் கொடுத்த பழைய செட். டிரைவரை, அதாவது வெகுதூரம் அடிக்கும் நீளமான மட்டையை, எடுத்தால் பந்து கொஞ்சம் இடதுபக்கமாகக் கிளம்பி, பாதி வழியில் வலதுபக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இந்த வளைவுக்குத்தான் ஸ்லைஸ் என்று பெயர். இன்னும் இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்தால் இன்னும் அதிகமாக வளைகிறது. கடையில் 55,000 ரூபாய்க்கு ஒரு புது டிரைவரைக் காட்டி, "இதுல ஸ்லைஸே வராது சார்" என்கிறார்கள். வாங்கலாமா, என்ன பயிற்சி செய்யலாம், பழைய செட்டை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிரைவர் இப்போதைக்கு வேண்டாம். இதை நல்லவன் மாதிரி சொல்லவில்லை, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே புகாரோடு ஒரு கடையில் நின்று, பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு டிரைவர் வாங்கினேன். ஸ்லைஸ் போகவில்லை. முன்பெல்லாம் மரங்களின் ஓரத்தில் கிடந்த பந்து இப்போது இருபது யார்டு உள்ளே போய்க் கிடந்தது. தூரம் கூடும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

பந்து ஏன் வளைகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது வியாபாரம் என்று நீங்களே பிரித்துவிடலாம். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். அடிபடும் அந்தக் கணத்தில் இரண்டு திசைகள் முக்கியம். ஒன்று, மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது. இன்னொன்று, மட்டை எந்தப் பாதையில் வருகிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் வளைவைத் தீர்மானிக்கிறது. பழைய ஆசிரியர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதைதான் பந்தைக் கிளப்புகிறது என்றார்கள். ராடார் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் மாறியது. டிரைவரில் கிளம்பும் திசையில் சுமார் 85 சதவீதம் முகத்தின் கையில் என்று அந்தக் கருவிகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பந்து சற்று இடதுபக்கம் கிளம்புகிறது என்றால் முகம் சற்று இடதுபக்கம் பார்க்கிறது. வலதுபக்கம் வளைகிறது என்றால் பாதை அதைவிட அதிகமாக இடதுபக்கம் போகிறது. அதாவது மட்டை வெளியிலிருந்து உள்ளே, வாசல் பெருக்கும்போது குப்பையைத் தன் பக்கம் இழுப்பதுபோல வருகிறது. பாதையோடு ஒப்பிட்டால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலதுபக்கம் பார்க்கிறது. இந்த நிலையில் நீங்கள் இன்னும் இடதுபக்கம் திரும்பி நின்றால் என்ன ஆகும்? தோள் திரும்புகிறது, பாதையும் அதோடு இன்னும் இடதுபக்கம் போகிறது. ஆனால் பந்து இலக்குக்குப் போக வேண்டும் என்று கை மட்டும் முகத்தைப் பழைய திசையிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. வித்தியாசம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. குறிவைக்கும் இடத்தை மாற்றி நீங்கள் தப்பிக்கப் பார்த்ததுதான் வியாதியை வளர்த்திருக்கிறது.

இதில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்பது. டிரைவர் போன்ற பெரிய தலையில் எடை முகத்துக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. அதனால் ஹீல் பக்கம், அதாவது மட்டையின் தண்டான ஷாஃப்ட்டை ஒட்டிய பக்கம் பட்டால் தலை சற்றுத் திரும்பி, பந்துக்கு வலதுபக்கச் சுழற்சியைக் கூடுதலாகக் கொடுக்கும். டோ பக்கம், அதாவது நுனிப்பக்கம் பட்டால் எதிர்ச் சுழற்சி. ஸ்லைஸ் அடிப்பவர்களில் நிறையப் பேர் தெரியாமலே ஹீலில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு கேடி, ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து வருபவர். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் பந்து பொறுக்கப் போன இடத்தில் ஆடக் கற்றவர். ரேஞ்சில், அதாவது பயிற்சி மைதானத்தில், நான் புது டிரைவரோடு மல்லுக்கட்டுவதை ஒரு கூடைப் பந்து தீரும்வரை பார்த்தார். பிறகு என் ஸ்கோர் கார்டு பையிலிருந்த ஒயிட்போர்டு மார்க்கரை எடுத்து, பந்தின் பின்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு மட்டையைப் பார்க்கும்படி டீயில், பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு குச்சியில், வைத்தார். அடித்தேன். வழக்கம்போல் வலதுபக்கம். டிரைவரை வாங்கித் திருப்பிக் காட்டினார். முகத்தில் நீலப் பொட்டு, ஷாஃப்ட்டுக்கு ஒரு விரல் தள்ளி. துண்டால் துடைத்துவிட்டு அடுத்த பந்து. மறுபடி அதே இடம். ஆறு பந்தில் ஐந்து அங்கேயே.

"அண்ணே, அப்போ மட்டை சரியில்லையா?" என்றேன்.

"மட்டை நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க அதுல ஒரு ஓரத்தை மட்டும் வாங்கிருக்கீங்க" என்றார்.

ஆக, உங்களுக்கு முதல் வேலை 50 ரூபாய் மார்க்கர். முப்பது பந்து அடித்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு எங்கே விழுந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ரேஞ்சில் மட்டும் செய்யுங்கள். ஆட்டத்தின்போது மட்டையின் முகத்தில் எதையாவது பூசி அதன் வேலையை மாற்றுவது விதிப்படி தப்பு. பொட்டுகள் ஹீலிலேயே குவிந்திருந்தால், டீயில் பந்தை வைத்து மட்டையின் நுனி பந்துக்கு நேரே வரும்படி தள்ளி நின்று பத்து பந்து அடித்துப் பாருங்கள். கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வரும் வீச்சில் மட்டை கடைசி நேரத்தில் உடம்பைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது, அதனால்தான் ஹீல் படுகிறது. தள்ளி நிற்கும்போது நடுவில் பட வேண்டுமென்றால் கைகள் உள்ளே வந்தே ஆக வேண்டும். உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது பிடி. நம்மூரில் கோல்ஃபுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்து வருகிறோம். பேட்டை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்துப் பழகிய கை, கோல்ஃப் மட்டையையும் அப்படியே பிடிக்கும். இங்கே இடது கையில் பிடி விரல்களின் அடியில், சுண்டு விரல் வேரிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை குறுக்காக ஓட வேண்டும். பிடித்த பிறகு குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு கணு முட்டுகளாவது தெரிய வேண்டும். ஸ்லைஸ்காரர்களுக்கு மூன்று தெரிந்தால் இன்னும் நல்லது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு வலது தோளைப் பார்க்கட்டும். ஒரு கணு மட்டும் தெரிந்தால், முகத்தை மூட மணிக்கட்டால் ஏதாவது வித்தை செய்தாக வேண்டும். எட்டு மாத ஆட்டக்காரருக்கு அந்த வித்தை நாளுக்கு ஒருமுறைதான் பலிக்கும்.

இரண்டு கைகளையும் எப்படிக் கோப்பது என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் பெயரால் வழங்கும் பிடியில் வலது சுண்டு விரல் இடது கையின் மேல் ஏறி உட்காரும். ஜாக் நிக்லாஸும் டைகர் வுட்ஸும் சுண்டு விரலை ஆள்காட்டி விரலோடு பின்னிக்கொள்வார்கள். விரல் குட்டையாக இருந்தால் பின்னல் வசதி. பத்து விரலும் மட்டையில் இருந்தாலும் குற்றமில்லை. புதுப்பிடி இரண்டு வாரம் அந்நியமாக இருக்கும், முதல் சில கூடைகள் இடதுபக்கம் பறக்கும். அதைப் பார்த்துப் பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள். இடதுபக்கம் பறப்பது முகம் மூட ஆரம்பித்துவிட்டது என்ற நல்ல செய்தி.

பாதையைச் சரிசெய்ய எனக்குப் பலித்தது ஒரு காலி அட்டை டப்பா. பந்துக்கு ஒரு அடி பின்னால், உங்கள் காலிலிருந்து பார்த்தால் பந்தையும் இலக்கையும் இணைக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி, டப்பாவை வையுங்கள். வெளியிலிருந்து வரும் மட்டை டப்பாவைத் தட்டிவிட்டுத்தான் பந்துக்கு வரும். முதலில் எட்டாம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) அரை வீச்சு, பிறகு முக்கால், கடைசியாக டிரைவர். வலது காலைச் சற்றுப் பின்னால் இழுத்து நின்றால் இன்னும் சுலபம். மேலிருந்து இறங்கும்போது வலது தோள் முந்திக்கொண்டு பாய்வதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தோள் பொறுத்திருக்க, கைகள் முதலில் கீழே விழட்டும்.

டிரைவருக்கு மட்டும் இரண்டு சில்லறை விஷயங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கட்டும், அதைத் தாண்டி முன்னே போகக் கூடாது. முன்னே போனால் தோள்கள் தானாக இடதுபக்கம் திரும்பிவிடும். டீயில் பந்தின் பாதி மட்டையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியட்டும். அயர்னில் பந்தை அடித்த பிறகுதான் புல்லைத் தொட வேண்டும். டிரைவரில் மட்டை தரையைத் தொடாமல் கொஞ்சம் ஏறுமுகமாகப் பந்தைச் சந்திக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் செய்த பிறகும் புது டிரைவர் ஆசை இருந்தால் வாங்குங்கள். அப்போது எதைப் பார்ப்பது? விதிப்படி தலையின் அளவு 460 சிசியைத் தாண்டக் கூடாது, முகத்தின் துள்ளலுக்கும் உச்சவரம்பு உண்டு. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வரம்பை என்றைக்கோ தொட்டுவிட்டார்கள். அதனால் நடுவில் பட்டால் நாலைந்து வருஷத்துப் பழைய மாடலுக்கும் இந்த வருஷ மாடலுக்கும் சனிக்கிழமை ஆட்டக்காரரால் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் கிடையாது. ஓரத்தில் பட்டாலும் பந்து ஓரளவு போய்ச் சேர்வதில்தான் உண்மையான முன்னேற்றம். ஹீல் பக்கம் எடை வைத்து ஸ்லைஸைக் குறைக்கும் டிரைவர்கள் இருக்கின்றன. கடைக்காரர் காட்டியதும் அதுவாக இருக்கலாம். வளைவைக் கொஞ்சம் குறைக்கும், பாதையை மாற்றாது.

லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 10.5 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம், 12 இன்னும் உத்தமம். லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டு வளைவு குறையும். டிவியில் பார்க்கும் 9 டிகிரியெல்லாம் மணிக்கு 110 மைலுக்கு மேல் வீசுபவர்களுக்கு. நாமெல்லாம் 90ஐ ஒட்டி இருப்போம். கடையில் தொங்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நீளம் கூடினால் நடுவில் அடிப்பது கஷ்டம், அதனால் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் விறைப்பைச் சொல்ல அதில் எழுதியிருக்கும் ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப். அடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதில் போலிகள் ஏராளம். வீட்டில் ஃபிரிட்ஜ் காந்தம் இருந்தால் எடுத்துப் போங்கள். டைட்டேனியம் என்று சொல்லும் முகத்தில் அது ஒட்டினால் அது டைட்டேனியம் இல்லை.

அதுவரை ஆட்டத்தில் என்ன செய்வது? குறுகலான ஹோல்களில் (முதல் அடியிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, அதைவிடக் குட்டையான ஐந்தாம் நம்பர் வுட்டையோ ஹைபிரிடையோ எடுங்கள். எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஒரு ஷாட் அபராதம், அதோடு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு ஷாட் காலி. வுட்டில் இருபது யார்டு குறைந்தாலும் கணக்கில் லாபம்தான். இதற்காக டிரைவரை ஒதுக்கிவிட்டுப் பட்டிங், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டுவதை, மட்டும் பழகுங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்து, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் வருகிறது என்று காட்டியிருக்கிறார். நீளமாக, அதே சமயம் மைதானத்துக்குள்ளேயே அடிக்கக் கற்பது வீண்வேலை ஆகாது.

இப்போது மாமனாரின் செட். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அயர்ன்கள் பிளேடு வகை, தலை மெல்லிசு, பின்பக்கம் தட்டை. அழகான சாமான், ஆனால் நடுவில் படாவிட்டால் கை விரல் வரை அதிரும். ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் கம்பெனியை ஆரம்பித்தவர், எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளினால் தப்பான அடியிலும் முகம் அவ்வளவாகத் திரும்பாது என்று கண்டு அதையே பிழைப்பாக்கினார். இன்று ஆரம்பநிலைக்காரர்களுக்கு விற்கும் குழிவான முதுகு அயர்ன்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. உங்களிடம் செலவழிக்கப் பணம் இருந்தால் டிரைவருக்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள். பழைய மாடலே போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புது ஏழாம் நம்பர் அயர்ன் 29 டிகிரி இருக்கலாம். மாமனாருடையது 35ஐ ஒட்டி இருக்கும். புதுசு 20 யார்டு அதிகம் போவதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பழைய கணக்கில் ஐந்தாம் நம்பர். இப்படி எண்களை மாற்றியதில், பக்கத்திலிருந்து உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ்களில் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரியில் வந்து நிற்கிறது, சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி ஓட்டை. 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் வாங்கி அடைத்துக்கொள்ளுங்கள். பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்பது விதி. உங்களுக்கு ஒன்பது பத்தே தாராளம்.

சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் பின்பக்கம் புடைத்திருக்கும், பவுன்ஸ் என்பார்கள். 1930களில் ஜீன் சாரசென் ஈயத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்து உருவாக்கிப் புகழ்பெற்றது. மணலுக்குள் புதைந்துவிடாமல் வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்தப் புடைப்பு. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் பங்கரில், அதாவது மைதானத்தின் மணல்குழியில், மணல் இறுகிக் கிடக்கும்போது அதே புடைப்பு தரையில் பட்டுத் துள்ளி, மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். அப்போது முகத்தை அதிகம் திறக்காமல் அடியுங்கள். பங்கரில் கற்ற எல்லாம் டிசம்பரில் பொய்யாகிவிட்டதே என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான்.

சென்னையில் ஆடுபவருக்கு எந்தப் புத்தகமும் அழுத்திச் சொல்லாத ஒன்று: வியர்வை. மாமனாரின் செட்டில் கிரிப் ரப்பர் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், பந்தயம் வைக்கிறேன். வழுக்கும் என்ற பயத்தில் கை இறுக்கும், இறுக்கிய கையில் மணிக்கட்டு திரும்பாது, முகம் திறந்தபடியே வரும். பாதி ஸ்லைஸ் அங்கேயே இருக்கிறது. முதலில் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்படியும் வழுக்கினால் எல்லாவற்றுக்கும் புது கிரிப் போட்டுவிடுங்கள். டிரைவர் விலையில் சிறு பங்குதான் ஆகும். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மூன்று ஹோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரமானதைப் பாக்கெட்டில் கசக்கித் திணிக்காமல் பையின் வெளியே தொங்கவிடுங்கள். ஆட்டுத்தோல் கையுறை மே மாதத்தில் அப்பளமாகிவிடும், மழைக்கென்று விற்கும் துணிவகை வியர்வைக்கும் நன்றாகப் பிடிக்கிறது. மட்டைகளைக் கார் டிக்கியில் வெயிலில் விட்டுவைக்காதீர்கள், தலையையும் ஷாஃப்ட்டையும் ஒட்டியிருக்கும் பசை இளகும்.

பந்து விஷயத்தில் காசை வீசாதீர்கள். வாரம் ஆறு பந்து தொலைப்பவருக்கு யுரேத்தேன் மேலுறை போட்ட விலையுயர்ந்த பந்து எதற்கு? இரண்டு அடுக்குப் பந்தே போதும், அதில் சுழற்சி குறைவு என்பதால் வளைவும் கொஞ்சம் குறையும். குளத்திலிருந்து எடுத்து விற்கும் பந்துகளையும் வாங்கலாம். ஒரே மாடலாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழி இருக்கும் புல்தரையான கிரீனைச் சுற்றி ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு மாதிரி உருளும்.

ஊட்டிக்குப் போய் ஆடியபோது எல்லாமே கிரீனைத் தாண்டியதாக எழுதியிருந்தீர்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் பந்து ஏழெட்டு சதவீதம் அதிகம் போகும். கொடைக்கானலிலும் அப்படித்தான், அங்கே கூடுதலாகக் காட்டெருமைக்கும் வழிவிட வேண்டும். ஏழாம் நம்பர் எடுக்கும் இடத்தில் எட்டாம் நம்பரை எடுங்கள்.

கடைசியாகப் பட்டர். கோயில் பட்டரையும் ரொட்டியில் தடவும் பட்டரையும் விட்டுவிடுங்கள், கிரீனில் உருட்டும் மட்டையைச் சொல்கிறேன். எட்டு அடியிலிருந்து உலகின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி தடவைதான் போடுகிறார்கள். ஆகவே ஆறடி தவறினால் தலையில் கைவைக்க வேண்டாம். முப்பது அடியிலிருந்து குழிக்கு ஒரு கை நீளத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தப் பழகுங்கள், மூன்று பட் அடிப்பது அதில்தான் குறையும். நம் பக்கம் கிரீன்களில் பெர்முடா வகைப் புல் அதிகம், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் பிய்ந்து காய்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் புல் சாய்கிறது. அந்தத் திசையில் உருட்டினால் பந்து ஓடும், எதிரே உருட்டினால் செத்துப்போகும்.

படத்தில் ஓரமாகத் தெரிகிற அந்தப் பித்தளை நிறப் பட்டரைக் கொடுத்துவிடாதீர்கள். ஹீலிலும் நுனியிலும் எடை வைத்த அந்த வடிவத்தை இன்றும் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார்கள். புது கிரிப் போட்டு நீங்களே ஆடுங்கள். மாமனார் கேட்டால், அவர் செட்டில்தான் ஆடுகிறேன் என்று சொல்லவும் வசதி. முப்பது பொட்டுப் படங்களை எடுத்ததும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு மேலே பேசலாம்.